கோழி உண்ணிச் சுரமும் அதன் கிருமியைக் குலமறிந்து காணும் முறையும்

(கோழி வளர்க்கும் குடியானவர் கூட்டத்தில் நிகழ்ந்த பிரசங்கம்)



கிராமத்துக் குடியானவன் வீட்டில் கறவை மாட்டுக்கும் உழவு மாட்டுக்கும் கணக்கு உண்டு. கோழிக்குக் கணக்கு இல்லை. கொல்லையில் மேய்ந்து, குப்பையைக் கிளறி, அந்தி வேளையில் தானே கூட்டுக்கு வந்து அடையும் பத்துக் கோழிகளை ஒரு சொத்தாக எவரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கவும், அவசரத்துக்கு மருந்து வாங்கவும், திருவிழாவுக்குப் புடவை எடுக்கவும் அந்த வீட்டுப் பெண்மணியின் கையில் கிடைக்கும் காசு பெரும்பாலும் அந்தக் கணக்கில்லாத பத்துக் கோழிகளிலிருந்தே வருகிறது. ஆகையால் கோழி மாண்டால் நஷ்டமடைபவள் முதலில் அவளே.

கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாளும்போது கிராமத்தில் பிறக்கும் சொல் ஒன்றே: "கழிச்சல் வந்துவிட்டது" என்பதாம். இந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல வியாதிகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. வெள்ளைக் கழிச்சல் என்று வழங்கும் இராணிக்கேத் வியாதி அவற்றுள் தலைமையானது. கோழிக் காலரா மற்றொன்று. இவ்விரண்டையும் ஓரளவு யாவரும் கேள்விப்பட்டிருப்பர். அதிகமாகக் கேள்விப்படாதது, உண்ணியினால் பரவும் சுருட்கிருமிச் சுரம். ஆங்கில வைத்தியர் இதனை ஸ்பைரோகீட்டோஸிஸ் என்பர். இன்றைய பிரசங்கம் இந்த வியாதியைப் பற்றியும், அதன் கிருமியை மரபணுவைக்கொண்டு அடையாளம் காணும் முறையைப் பற்றியுமாகும்.

பெயர் எதுவானால் என்ன, கோழி செத்தது செத்ததுதானே என்று கேட்கலாம். அவ்வாறன்று. ஒரு வீட்டில் நிகழக்கூடியதைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு தாயார் சிரமப்பட்டுத் தன் கோழிகளுக்கெல்லாம் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போட்டு வைக்கிறாள். ஒரு மாதத்திற்குள் கோழிகள் சோர்ந்து, பச்சையாகக் கழிந்து, கால் விழுந்து மடிகின்றன. "ஊசி போட்டும் செத்தன, ஊசியாலேயே செத்தன" என்ற பேச்சுத் தெரு முழுவதும் பரவுகிறது. மறு வருஷம் அந்தத் தெருவில் ஊசி போட ஒருவரும் கோழியைப் பிடித்துக் கொடுப்பதில்லை. அந்த வருஷம் உண்மையாகவே வெள்ளைக் கழிச்சல் வந்து தெருவையே காலி செய்துவிடுகிறது. முதல் வருஷம் கோழிகளைக் கொன்றது கூட்டின் இடுக்கில் இருந்த உண்ணி. பழியோ ஊசியின்மேல் விழுந்தது. ஒரு வியாதிக்குத் தவறான பெயர் இட்டதனால் இரண்டு நஷ்டங்கள் உண்டாயின.

மேலும், இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு. வெள்ளைக் கழிச்சலை உண்டாக்குவது வைரஸ். அதற்குத் தடுப்பூசி உண்டு, வந்தபின் குணப்படுத்தும் மருந்து இல்லை. உண்ணிச் சுரத்தை உண்டாக்குவது பாக்டீரியா இனத்துக் கிருமி. காலத்தில் பென்சிலின் ஊசி போட்டால் சாகக் கிடந்த கோழியும் எழுந்து இரை பொறுக்கும். பென்சிலினால் பிழைக்கக்கூடிய கோழியை, "வெள்ளைக் கழிச்சல், இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கைவிடுவது எவ்வளவு பரிதாபம்!

வியாதியின் குறிகள் வருமாறு. கிருமி உட்புகுந்து சுமார் நான்கு முதல் எட்டு நாட்களில் கோழிக்குக் கடுஞ்சுரம் காண்கிறது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டு, ஓர் ஓரத்தில் ஒடுங்கி நிற்கும். தீனி எடுக்காது, தண்ணீர் மட்டும் மிகுதியாய்க் குடிக்கும். கொண்டை முதலில் கறுத்துப் பின் வெளுக்கும். எச்சம் பச்சை நிறமாகவும், வெண்மையான உப்புக் கலந்தும் நீராய்ப் போகும். நாள் செல்லச் செல்லக் காலும் இறக்கையும் வலுவிழந்து, நிற்கமாட்டாமல் சாயும். இறந்த கோழியை அறுத்துப் பார்த்தால் மண்ணீரல் இயல்பான அளவைவிடப் பல மடங்கு வீங்கிப் புள்ளி புள்ளியாக இருக்கும், ஈரலும் பெருத்திருக்கும். கறிக்கு அறுப்பவர் எவரும் இந்த வீங்கிய மண்ணீரலைக் கண்டால் அதைத் தூக்கி எறியாமல் கால்நடை வைத்தியருக்குக் காட்டுவது மிக்க உபகாரமாகும். இந்தக் கிருமி மனிதரைப் பிடிப்பதாக அறியப்படவில்லை, பயப்பட வேண்டியதில்லை. ஆயினும் சீக்குக் கோழியைக் கறிக்கு உபயோகிப்பது எந்த வியாதியிலும் தகாது.

மேற்சொன்ன குறிகளுள் தனித்த ஒரு குறியாவது இந்த வியாதிக்கே உரியதா எனில், இல்லை. பச்சைக் கழிச்சலும் கால் விழுதலும் வெள்ளைக் கழிச்சலிலும் உண்டு. இன்னும் ஒரு சங்கடம்: உண்ணிக் குஞ்சுகள் பெருந்தொகையாகக் கடிக்கும்போது அவற்றின் உமிழ்நீரிலுள்ள விஷத்தினாலேயே, கிருமி யாதும் இன்றியும், கோழிக்குக் கால் விழுவது உண்டு. ஆதலின் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானம் செய்பவர், அவர் எவ்வளவு அனுபவசாலியாயினும், பல சமயங்களில் ஏமாறுவர்.

இந்தக் கிருமியை முதன்முதலில் கண்டவர் ஸகாரோவ் என்ற ருஷிய வைத்தியர். 1891-ம் ஆண்டில் காக்கஸஸ் மலைக்குத் தெற்கேயுள்ள பிரதேசத்தில் வாத்தினத்தைச் சேர்ந்த கூஸ் பறவைகள் கூட்டமாய் மடிந்தபோது, அவற்றின் இரத்தத்தில் திருகாணிபோல் சுருண்டு நெளியும் கிருமியை அவர் பார்த்தார். கூஸ் பறவைக்கு லத்தீன் மொழியில் 'ஆன்ஸர்' என்று பெயர். ஆகவே கிருமிக்கு ஆன்ஸரினா என்ற பெயர் அமைந்தது. குலப்பெயராகிய பொர்ரீலியா, பொர்ரெல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் ஞாபகமாகப் பின்னர் இடப்பட்டது. பொர்ரீலியா ஆன்ஸரினா என்பது இப்போது வழங்கும் முழுப்பெயர். 1903-ம் ஆண்டில், மஞ்சட் சுரத்தை ஆராயப் பாரிஸ் பாஸ்டர் ஸ்தாபனத்திலிருந்து பிரேஸில் தேசத்து ரியோ-டி-ஜனேரோ நகருக்குச் சென்றிருந்த மார்ஷூ, ஸாலிம்பேனி என்னும் இருவர், அவ்வூர்க் கோழிகளை இதே வியாதி வாட்டுவதைக் கண்டு, அதை ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோவது உண்ணியே என்று நிரூபித்தனர். மனிதர் வியாதியைத் தேடிப்போன இடத்தில் கோழி வியாதியின் காரணம் அகப்பட்டது. அதே 1903-ம் ஆண்டிலேதான் சென்னை வேப்பேரியில் கால்நடை வைத்தியக் கல்லூரி தொடங்கப்பெற்றது என்பதையும் இங்கே சொல்லலாம்.

கோழியும் மனிதருக்குக் கைம்மாறு செய்யத் தவறவில்லை. ஜெர்மனியில் ஏர்லிக் என்ற பேரறிஞரும் அவரிடம் வேலை செய்த ஜப்பானியராகிய ஹாட்டாவும் மேகவியாதிக்கு மருந்து தேடிய காலத்தில், பாஷாணச் சேர்க்கையான தங்கள் 606-ம் எண் மருந்தைப் பரீட்சித்த வியாதிகளுள் கோழியின் இந்தச் சுருட்கிருமிச் சுரமும் ஒன்று. 1910-ம் ஆண்டில் அம்மருந்து ஸால்வர்ஸான் என்ற பெயருடன் உலகுக்கு வந்தது. பென்சிலின் வரும்வரையில் கோழிகளுக்கும் பாஷாண மருந்துகளே கொடுக்கப்பட்டு வந்தன.

இனி உண்ணியின் சரித்திரம். இதை அறியாமல் மற்றெதையும் அறிந்து பயனில்லை.

மாட்டின் காதிலும் மடியிலும் கொட்டைமுத்துப்போல் தொங்கும் உண்ணி வேறு. கோழி உண்ணி வேறு. மாட்டு உண்ணிக்கு முதுகில் கடினமான ஓடு உண்டு. அது கடித்த இடத்திலேயே நாட்கணக்காகத் தங்கும். கோழி உண்ணிக்கு ஓடு இல்லை. தோல் பதனிட்ட தோல்போல் சுருக்கம் விழுந்து மெத்தென்று இருக்கும். தட்டையாகவும், நீள்வட்டமாகவும், செம்பழுப்பு நிறமாகவும் இருப்பதால் மூட்டைப்பூச்சி என்றே பலர் எண்ணிவிடுவர். இரத்தம் குடித்தபின் பருத்துக் கருநீலமாக மாறும். இதன் சாஸ்திரப் பெயர் ஆர்கஸ் பெர்ஸிகஸ் என்பதாம். பெர்ஸிகஸ் என்றால் பாரசீக தேசத்தது என்று பொருள். ஆனால் வெப்பமும் வறட்சியும் உள்ள தேசங்கள் பலவற்றிலும் இது குடியேறியிருக்கிறது. கிராமத்தில் பேன், செள், உண்ணி எல்லாவற்றையும் சேர்த்து "கோழிச் செள்ளு" என்று ஒரே பெயரால் வழங்குவது, வியாதிகளையெல்லாம் கழிச்சல் என்பது போலத்தான்.

இந்தப் பிராணி இரவுத் திருடன். பகலில் கோழியின் உடம்பைத் தடவிப் பார்த்தால் வளர்ந்த உண்ணி ஒன்றும் அகப்படாது. கூட்டின் பலகை இடுக்கு, மூங்கில் பஞ்சாரத்தின் பின்னல், மண் குடாப்பின் வெடிப்பு, கோழி அடையும் கொம்பும் சுவரும் சேரும் மூலை, கூட்டை ஒட்டிய மரத்தின் பட்டை ஆகிய இடங்களில் அது பகல் முழுவதும் பதுங்கிக் கிடக்கும். இருட்டியபின் வெளிவந்து, தூங்கும் கோழியின்மேல் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் வயிறு நிரம்பக் குடித்துவிட்டு மறுபடியும் இடுக்குக்குள் போய்விடும். இரத்தம் குடித்த ஒவ்வொரு முறையும் பெண் உண்ணி ஒரு தொகுதி முட்டையிடும். அதிலிருந்து பொரிக்கும் ஆறுகால் குஞ்சு மட்டும் தாயின் வழக்கத்திற்கு மாறாக, கோழியின் இறக்கைக்கு அடியிலும் தொடையிலும் ஐந்து முதல் பத்து நாள் வரையில் பற்றிக்கொண்டிருக்கும். இறகை விலக்கிப் பார்த்தால் கேழ்வரகு மணியைப்போல் கருநீலப் புள்ளிகளாகத் தெரிபவை இவையே.

பட்டினி கிடப்பதில் இதற்கு நிகர் சிலவே. வளர்ந்த உண்ணி இரத்தம் இல்லாமலே இரண்டு வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். "கோழியெல்லாம் செத்துவிட்டது, கூட்டை ஆறு மாதம் காலியாய்ப் போட்டு வைத்தேன், வியாதி போயிருக்கும்" என்று எண்ணிப் புதுக் கோழிகளை வாங்கி அடைப்பவர், பசியோடு காத்திருக்கும் உண்ணிக்கு விருந்து படைக்கிறார். கிருமியோ உண்ணியின் உடம்பில் மாதக்கணக்கில் அழியாமல் இருப்பதோடு, தாய் உண்ணியின் முட்டை வழியாக அதன் சந்ததிக்கும் சென்றுவிடுகிறது. கடியினால் மட்டுமன்றி, கிருமி கொண்ட உண்ணியைக் கோழி கொத்தித் தின்பதாலும் வியாதி வரும்.

இனி, கிருமியைக் காண்பது எப்படி? பழைய முறை எளியது, இன்றும் சிறந்தது. சுரம் கண்ட முதல் சில நாட்களில் கோழியின் இறக்கை நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவி, ஜீம்ஸா சாயமிட்டு, நுணுக்குக் கண்ணாடியில் பார்த்தால், சிவப்பணுக்களுக்கிடையே ஐந்து முதல் எட்டுச் சுருள்களோடு இக்கிருமி நூல்போல் கிடப்பது தெரியும். இருட்புல நுணுக்குக் கண்ணாடி இருந்தால் சாயமில்லாமலே, உயிரோடு நெளிவதையும் காணலாம். கால்நடை வைத்தியசாலையில் அரைமணி நேரத்தில் முடிகிற வேலை இது. செலவும் சொற்பம்.

ஆனால் இதற்கு ஒரு பெருங்குறை உண்டு. கோழியின் உடம்பு கிருமியை எதிர்க்கத் தொடங்கியதும், கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி இரத்தத்திலிருந்து மறைந்துவிடுகின்றன. கோழி அதன்பிறகும் சோர்ந்திருக்கும், கால் விழுந்திருக்கும், இறக்கவும் கூடும், இரத்தத்திலோ ஒன்றும் இராது. குடியானவர் கோழியை வைத்தியசாலைக்குத் தூக்கி வருவது எப்போது? கை வைத்தியம் எல்லாம் செய்து பார்த்து, கால் விழுந்த பிறகுதான். அப்போது எடுத்த இரத்தத்தில் கிருமி இல்லையென்று கண்டு, "இது அந்த வியாதி அன்று" என்று சொல்லிவிட்டால் அது பிழையாகிவிடுகிறது. மேலும், இறந்து நெடுநேரமான கோழியிலும் இம்முறை பயன்படாது. உண்ணியின் உடம்பில் சிலவாய் ஒளிந்திருக்கும் கிருமியையும் நுணுக்குக் கண்ணாடியால் தேடிப்பிடித்தல் வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகும். கிருமியைச் சோதனைக் குழாயில் வளர்த்துப் பார்க்கலாமென்றால், அது மற்றக் கிருமிகளைப்போல் எளிதில் வளர்வதன்று. மிகச் சிக்கலான போஷணைத் திரவம் வேண்டும். நெடுங்காலம் ஒரு கோழியிலிருந்து மற்றொரு கோழிக்கு, அல்லது கருவுற்ற முட்டைக்கு, மாற்றி மாற்றியே இதனை ஆராய்ச்சிசாலைகளில் காப்பாற்றி வந்தனர்.

இந்த இடத்தில்தான் மரபணுச் சோதனை உதவிக்கு வருகிறது. ஒவ்வோர் உயிருக்கும் அதன் குலத்தின் சாசனம் டி.என்.ஏ. என்னும் நூலில் நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கிறது. மனிதருடையது முந்நூறு கோடி எழுத்து நீளம். இந்தச் சுருட்கிருமியின் பிரதான நூல் சுமார் ஒன்பது லட்சம் எழுத்து நீளந்தான். பெரும்பாலான பாக்டீரியாக்களில் இந்நூல் வளையம்போல் முனையின்றி இருக்க, பொர்ரீலியா குலத்தில் அறுந்த கயிறுபோல் இரு முனையோடு நேராக இருப்பது ஒரு விநோதம். கிருமி செத்தாலும் சாசனம் சிலகாலம் அழிவதில்லை. அதில் இந்தக் குலத்துக்கே உரிய ஒரு வரியைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். பத்திரத்தில் கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது போல, கிருமியைக் காணாமலே கிருமியின் பெயரைச் சொல்லிவிடலாம்.

ஒரு துளி இரத்தத்தில் பத்துக் கிருமிகளே இருந்தால் அந்த ஒரு வரியைப் படிப்பது எங்ஙனம்? 1983-ம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி மல்லிஸ் என்பவர் இதற்கு வழி கண்டார். அதற்காக 1993-ல் நோபெல் பரிசும் பெற்றார். பி.சி.ஆர். என்பது அம்முறையின் சுருக்கப் பெயர். டி.என்.ஏ. இரட்டைப் புரி உள்ள கயிறு. அதனைச் சுமார் 95 டிகிரி சூட்டுக்குக் கொண்டுபோனால் புரிகள் பிரிந்துவிடும். சூட்டைக் குறைத்தவுடன், முன்னதாகச் செய்து சேர்த்திருக்கும் இரண்டு சிறு துணுக்குகள் தாங்கள் தேடும் வரியின் இரு ஓரங்களிலும் போய் ஒட்டிக்கொள்ளும். தேடும் வரி அங்கே இல்லையானால் அவை ஒட்டுவதில்லை. சோதனையின் உயிர்நிலை இதுவே. பிறகு 72 டிகிரி சூட்டில் ஒரு நொதிப்பொருள் அவ்விரு துணுக்குகளிலிருந்து தொடங்கி வரி முழுவதையும் பிரதி எடுக்கும். ஒன்று இரண்டாயிற்று. மறுபடியும் சூடு, மறுபடியும் குளிர்ச்சி, இரண்டு நான்காகும். இப்படி முப்பது தடவை இரட்டித்தால் ஒரு பிரதி நூற்றேழு கோடிக்கு மேல் பெருகும். கொதிநிலைக்கு அருகான சூட்டிலும் கெடாத அந்த நொதிப்பொருள், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுக்களில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்ததாகும். இவ்வாறு பெருகிய பொருளைக் களிப்பலகையில் மின்சாரத்தால் ஓடவிட்டால் உரிய இடத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். ஐயம் இருப்பின் எழுத்து எழுத்தாகப் படித்தும் ஒப்பிடலாம்.

எந்த வரியைத் தேடுவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. எல்லாப் பாக்டீரியாக்களுக்கும் பொதுவான 16-எஸ் என்ற மரபணுவைப் பார்ப்பது வழக்கம். சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள இதனை உயிர்க்குலங்களைப் பிரிக்கும் அளவுகோலாக ஆக்கியவர் கார்ல் வோஸ். 1977-ல் வெளியான அவருடைய ஆராய்ச்சி பிரசித்தமானது. ஆனால் பொர்ரீலியா குலத்துப் பங்காளிகளுக்குள் இவ்வரி மிகச் சொற்பமே வேறுபடுவதால், குடும்பத்தைச் சொல்லுமேயன்றி ஆளைத் திட்டமாகச் சொல்வது கடினம். ஆகவே கிருமியின் வாலிழையை உண்டாக்கும் ஃபிளாஜெல்லின் மரபணுவையும் சேர்த்துப் பார்க்கின்றனர். ஜி.எல்.பி.க்யூ. என்ற இன்னொரு மரபணு மனிதருக்கு மீள்சுரம் உண்டாக்கும் பொர்ரீலியாக்களில் உண்டு. மேல்நாடுகளில் லைம் வியாதியை உண்டாக்கும் பொர்ரீலியாக்களில் இல்லை. கோழியின் கிருமி மீள்சுர வகையைச் சேர்ந்தது என்பது இத்தகைய ஒப்பீடுகளால் தெளிவாயிற்று. பங்காளிகள் போய்ப்போய்த் திரும்பும் சுரத்தை உண்டாக்க, இதுவோ சாதாரணமாக ஒரே வீச்சில் கோழியைக் கொல்லும், அல்லது விட்டுவிடும்.

மரபணுச் சோதனை பழைய தவறுகளைத் திருத்தவும் உதவியிருக்கிறது. இதே கோழி உண்ணி கொண்டுவரும் மற்றொரு வியாதியின் கிருமி, சிவப்பணுக்களுக்குள்ளேயே தங்குவது. 1920-களின் பிற்பகுதியில் எகிப்தில் கார்ப்பானோ என்பவர் இதனை விவரித்தபோது, மாட்டின் உண்ணிச் சுரத்தை உண்டாக்கும் ஒற்றையணுப் பிராணிகளின் இனமென்றே கருதினார். பார்வைக்கு அவ்வாறே இருந்தது. ஈஜிப்டியனெல்லா என்று வழங்கும் அது உண்மையில் பாக்டீரியா என்பதும், மாடுகளைத் தாக்கும் அனாப்ளாஸ்மாவுக்கு நெருங்கிய உறவு என்பதும் பின்னால் தெரியவந்தது. 16-எஸ் மரபணு அவ்வுறவை உறுதிசெய்தது. உண்ணி ஒன்றே இவ்விரு கிருமிகளையும் சுமக்குமாகையால், ஒரே கோழியில் இரண்டும் சேர்ந்திருத்தலும் கூடும். நுணுக்குக் கண்ணாடியில் ஒன்றைக் கண்டவுடன் தேடுவதை நிறுத்திவிடுபவருக்கு மற்றொன்று தப்பிவிடும்.

இத்தனையும் சொன்னதனால், செத்த ஒவ்வொரு கோழிக்கும் இந்தச் சோதனை வேண்டுமென்று கருதலாகாது. சுரம் கண்ட இரண்டாம் நாளில் ஒரு துளி இரத்தத்தைத் தகட்டில் தடவிப் பார்ப்பது, பத்து நாள் கழித்துச் செய்யும் விலையுயர்ந்த சோதனையைவிட ஆயிரம் மடங்கு மேல். அதுவன்றி, மரபணுச் சோதனையும் தவறாத தெய்வ வாக்கன்று. செத்துப்போன கிருமியின் டி.என்.ஏ.வும் உண்டென்றே காட்டும். ஆகையால் மருந்து கொடுத்த மறுநாள் சோதித்துவிட்டு, "மருந்து பலிக்கவில்லை" என்று முடிவு கட்டக் கூடாது. உண்ணியின் வயிற்றில் கிருமியின் வரி கண்டால், அது கிருமியுள்ள இரத்தத்தைக் குடித்தது என்பது மட்டும் நிச்சயம். இரத்தத்தின் செந்நிறப் பொருளே சில சமயம் பிரதி எடுக்கும் வேலையைத் தடுத்து, உள்ளதை இல்லையென்று காட்டும். ஆராய்ச்சிசாலையில் முந்திய சோதனையின் தூசி ஒரு துளி கலந்தாலோ, இல்லாததை உண்டென்று காட்டும்.

இச்சோதனை இன்றியமையாத சந்தர்ப்பங்களும் உண்டு. தடுப்பூசி போட்ட கோழிகள் மாண்டு, ஊசியின்மேல் பழி விழும் சமயம் ஒன்று. கால் விழுந்த கோழிகளில் நுணுக்குக் கண்ணாடி ஒன்றும் காட்டாத சமயம் மற்றொன்று. புதுக்கூட்டம் வாங்கி அடைக்குமுன், பழைய கூட்டின் உண்ணிகளில் கிருமி உண்டா என்று அறியவேண்டிய சமயம் மூன்றாவது. இக்கிருமியிலும் பல வகுப்புக்கள் உண்டு. ஒரு வகுப்பால் பீடிக்கப்பட்டுப் பிழைத்த கோழி அதே வகுப்பை எதிர்க்குமேயன்றி மற்றொன்றை எதிர்க்கமாட்டாது. ஓரிடத்துக் கிருமியில் செய்த தடுப்பு மருந்து வேறோரிடத்தில் பலியாமல் போவதற்கு இதுவே காரணம். எந்த ஊரில் எந்த வகுப்பு என்று பிரித்தறிவதற்கும் மரபணுப் பரிசோதனை துணை செய்யக்கூடும்.

சோதனைக்கு அனுப்புவோர் கவனிக்கவேண்டியவை சில. தமிழ்நாட்டில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. உள்ளூர்க் கால்நடை வைத்தியர் மூலமாகவே அனுப்பவேண்டும். புதிதாகச் சுரம் கண்ட கோழியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். கடைசி மூச்சு விடும் கோழி உபயோகமில்லை. இரத்தம் உறையாதிருக்க ஈ.டி.டி.ஏ. போட்ட குழாயே ஏற்றது. ஹெப்பாரின் போட்டது பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்கும். குழாய் இல்லாவிடில், சுத்தமான வடிதாளில் இரண்டு மூன்று துளி விட்டு நிழலில் நன்றாக உலர்த்திக் காகித உறையில் இட்டு அனுப்பலாம். உண்ணிகளைச் சுத்தமான ஆல்ககாலில் போடவேண்டும். ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும், பலர் செய்யும் பிழை இது. கோழி எண்ணிக்கை, மாண்டவை, போட்ட தடுப்பூசியும் தேதியும், கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிச் சேர்க்கவேண்டும். சீட்டில்லாமல் வந்த இரத்தம் விலாசமில்லாத கடிதம்.

சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. பென்சிலின் முதலிய மருந்துகளை இந்தக் கிருமி தாங்காது. அளவும் தடவையும் வைத்தியர் சொல்லியபடி. மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் கறியையும் அவர் குறிக்கும் நாள்வரையில் உபயோகிக்கலாகாது.

கூட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். கோழியைக் குணப்படுத்தி அதே கூட்டில் அடைத்தால், கூட்டிலுள்ள உண்ணி அங்கேயே இருக்கிறது. முதலில் கூட்டில் உண்ணி உண்டா என்று பார்க்கவேண்டும். பகலில் ஒரு பழங்கத்தியைப் பலகை இடுக்குகளில் செருகி இழுத்தால், உண்ணி இருக்குமாயின் நசுங்கிக் கத்தியில் இரத்தம் ஒட்டும். இரவு ஒன்பது மணிக்குமேல் டார்ச் விளக்கோடு சென்றால் அது நடமாடுவதையே பார்க்கலாம். உண்ணி மலிந்த பழைய மூங்கில் பஞ்சாரத்தைக் கொளுத்திவிடுவதே சிக்கனம். அதைக் காப்பாற்ற வாங்கும் மருந்தின் விலையில் புதுப் பஞ்சாரம் வாங்கிவிடலாம். மண் குடாப்பாயின் வெடிப்புக்களை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, சுண்ணாம்பு அடிக்கவேண்டும். செங்கல், இரும்பு, சிமெண்டுக் கூடுகளில் ஊதுவிளக்கின் சுவாலையை இடுக்குத்தோறும் காட்டுவது நல்லது. ஓலைக்கூரைக்குக் கீழே இதைச் செய்யத் துணியவேண்டாம். பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற உண்ணிக் கொல்லிகளைத் தெளிப்பதானால், கோழிகளை வெளியேற்றி, வைத்தியர் சொல்லும் அளவில் இடுக்குகளுக்குள் புகும்படி தெளித்து, முட்டையிலிருந்து புதுக்குஞ்சு பொரித்திருக்கக்கூடிய சில வாரங்களுக்குப் பின் மறுபடியும் தெளிக்கவேண்டும். ஒரு தடவையோடு விடுவது பாதி வேலை.

கோழி அடையும் கொம்பைச் சுவரில் செருகாமல், தனிக்காலில் நிறுத்தி, ஒவ்வொரு காலையும் மண்ணெண்ணெய் சிறிது விட்ட தகரக் குவளையில் வைப்பது பழைய முறை, செலவில்லாதது. சுவரிலிருந்து உண்ணி நடந்து வர வழி அற்றுப்போகும். கொம்பு சுவரையோ கூரையையோ ஓரிடத்திலும் தொடாமல் இருக்கவேண்டும். தொட்டால் குவளை வைத்தும் வீண். வெயிலில் மண்ணெண்ணெய் வற்றிவிடுமாதலால் வாரந்தோறும் பார்த்து ஊற்றவேண்டும். சந்தையிலிருந்து வாங்கி வரும் புதுக்கோழியின் இறக்கைக்கு அடியில் உண்ணிக் குஞ்சுகள் ஒட்டியிருக்கக்கூடும்; அதனைப் பத்து நாளாவது வேறு பஞ்சாரத்தில் தனியாக அடைத்து, பிறகு அந்தப் பஞ்சாரத்தை வெந்நீர் ஊற்றி வெயிலில் காயவைத்தபின்பே கோழியை மற்றவற்றோடு சேர்க்கவேண்டும்.